இங்கிலாந்தில் ஏர் ரைஃபிள் வாங்கும் முன்: 12 அடி-பவுண்டு கணக்கு

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, இங்க ஏர் கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாமாமே, ஆன்லைன்ல ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கிடவா?" என்றான். எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டேன். கிளாஸ்கோ என்றான். அப்படியே நிறுத்து, பணம் கட்டாதே என்றேன். பர்மிங்காமில் இருக்கும் ஒருவர் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருக்கும் அதே துப்பாக்கியைச் சான்றிதழ் இல்லாமல் கிளாஸ்கோவில் வைத்திருந்தால் குற்றம். ஒரே தேசம், ஒரே பாஸ்போர்ட், ஆனால் சட்டம் வேறு. அவனுக்கு அன்று ஒரு மணி நேரம் சொன்னதை, இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்மில் பலர் முதன்முதலில் கையில் எடுத்த துப்பாக்கி மெரினாவிலோ ஊர்த் திருவிழாவிலோ பலூன் சுடும் கடையில் இருந்ததுதான். ஸ்பிரிங் தேய்ந்து, குழல் லேசாக வளைந்து, பலூனுக்கு நேராகக் குறி வைத்தால் பக்கத்துப் பலூன் உடையும். அந்த ஞாபகத்தில் ஏர் கன் என்றால் விளையாட்டுப் பொருள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இங்கே கடையில் விற்கும் ஏர் ரைஃபிள் அந்த வகை இல்லை. முப்பது கஜத்துக்கு அப்பால் முயலைக் கொல்லும். மனிதக் கண்ணில், நெற்றிப் பொட்டில், குழந்தையின் தலையில் பட்டால் உயிர் போகும். 2005ல் கிளாஸ்கோவில் ஏர் துப்பாக்கிக் குண்டு பட்டு இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. ஸ்காட்லாந்தில் பின்னாளில் சட்டம் இறுகியதற்கு அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த குரல்களும் ஒரு காரணம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், கீழே வரும் விதிகளை வெறும் காகிதத் தொல்லையாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

முதல் படி: நீங்கள் நிற்கும் மண் எது?

பிரிட்டன் என்று பொதுவாகச் சொல்கிறோம். துப்பாக்கி விஷயத்தில் அது மூன்றாகப் பிரிகிறது.

இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரு கணக்கு. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டமும், அதன் கீழ் 1969ல் வந்த ஆபத்தான ஏர் ஆயுதங்கள் பற்றிய விதிகளும்தான் அடிப்படை. ஆற்றலை இங்கே அடி-பவுண்டு என்ற அலகில் அளப்பார்கள்; ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டு வரை, ஏர் பிஸ்டல் 6 அடி-பவுண்டு வரை இருந்தால் சான்றிதழ் தேவையில்லை. ஜூலில் சொன்னால் சுமார் 16.27, சுமார் 8.13.

ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல், அந்த 12க்கும் 6க்கும் உட்பட்ட சாதாரண ஏர் துப்பாக்கிக்கே போலீஸ் கொடுக்கும் ஏர் ஆயுதச் சான்றிதழ் வேண்டும். 1 ஜூலுக்கு மேல் போனாலே இது பொருந்தும். வாங்கிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்ற பேச்சே இல்லை, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி.

வட அயர்லாந்து இன்னும் கடுமை. அங்கே 1 ஜூலைத் தாண்டினால் அது துப்பாக்கிதான், போலீஸிடம் துப்பாக்கிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு இங்கே வாங்காதீர்கள். கனடாவில் வினாடிக்கு 152.4 மீட்டர் வேகம், 5.7 ஜூல் ஆற்றல் என்ற இரண்டையும் சேர்த்துத் தாண்டினால்தான் லைசன்ஸ் பேச்சு வரும். ஜெர்மனியில் 7.5 ஜூல். ஆஸ்திரேலியாவில் ஏர் ரைஃபிளுக்கே லைசன்ஸ். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அங்கே சர்வசாதாரணமாக விற்கும் பல மாடல்கள் இங்கே சான்றிதழ் இல்லாமல் தொடவே முடியாதவை.

இனி நான் எழுதுவது பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி.

இரண்டாம் படி: 12 என்பது எதன் அளவு?

இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். 12 அடி-பவுண்டு என்பது வேகத்தின் அளவு இல்லை. குழல் வாயை விட்டு வெளியே வரும் நொடியில் பெல்லட்டில், அதாவது ஏர் துப்பாக்கியின் சின்ன ஈயக் குண்டில், இருக்கும் ஆற்றலின் அளவு. அதற்கு இரண்டு எண்கள் வேண்டும்: பெல்லட்டின் எடை, அதன் வேகம். இங்கே எடையை கிரெயின் என்ற சின்ன எடை அலகிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் சொல்வார்கள். கணக்கு இதுதான்: வேகத்தை வேகத்தாலேயே பெருக்குங்கள், வந்ததை பெல்லட் எடையால் பெருக்குங்கள், 450240ஆல் வகுங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 0.177 அளவு, அதாவது 4.5 மி.மீ. துப்பாக்கி. கிளப்பில் பாதிப் பேர் பயன்படுத்தும் 8.44 கிரெயின் பெல்லட். வேகம் 780 அடி என்றால் ஆற்றல் 11.4. நல்லது. வேகம் 800 என்றால் 11.997, அதாவது கோட்டின் மேல் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். 805 என்றால் 12.15, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். 780க்கும் 805க்கும் இருக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது, தோளுக்கும் தெரியாது. சுடுகிறவருக்கு இரண்டும் ஒரே துப்பாக்கி. சட்டத்துக்கு ஒன்று கடையில் வாங்கும் விளையாட்டுச் சாமான், இன்னொன்று சான்றிதழ் இல்லாத துப்பாக்கி.

0.22 அளவில், அதாவது 5.5 மி.மீ.யில், 16 கிரெயின் பெல்லட் போட்டால் 570 அடியில் 11.55 வரும். 590 போனால் 12.37. பெரிய பெல்லட் மெதுவாகப் போவதால் பவர் குறைவு என்று நினைப்பது தவறு என்பது இதிலேயே தெரிகிறது.

இதில் இன்னொரு கொக்கி இருக்கிறது. சட்டத்தின் வாசகம், அந்தத் துப்பாக்கி 12ஐத் தாண்டிச் சுட "வல்லதா" என்றுதான் பார்க்கிறது. நீங்கள் வழக்கமாகப் போடும் பெல்லட்டில் 11.6 வரலாம், வேறொரு பெல்லட்டில் 12.2 வந்தால் துப்பாக்கி தாண்டியதாகத்தான் கணக்கு. அதனால்தான் ஆய்வகத்தில் பல வகைப் பெல்லட்டுகளைப் போட்டுச் சோதிப்பார்கள். அடைத்த காற்றில் இயங்கும் துப்பாக்கிகள், பிசிபி என்று சொல்வோமே, பொதுவாக எடை கூடிய பெல்லட்டில் அதிக ஆற்றல் காட்டும். ஸ்பிரிங் துப்பாக்கிகள் பல நேரம் எடை குறைந்த பெல்லட்டில் அதிகம் காட்டும். ஆகவே இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாது, கடையில் கொடுத்தது அப்படியே" என்பது இங்கே செல்லாது. கையில் வைத்திருப்பதே குற்றம், தெரிந்து வைத்திருந்தீர்களா என்ற கேள்விக்கு இடமில்லை. சான்றிதழ் வேண்டிய துப்பாக்கியைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை. 6 அடி-பவுண்டுக்கு மேல் போகும் ஏர் பிஸ்டல் இன்னும் மோசம். அது தடை செய்யப்பட்ட ஆயுதம், சாதாரணமாகச் சான்றிதழே கிடைக்காது, விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் ஒழிய குறைந்தபட்சமே 5 ஆண்டு. பிஸ்டலில் பவர் கூட்டுவது எப்படி என்று யாராவது காணொளி அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க வேண்டாம்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விழுந்தால், வெளிநாட்டுக் குடிமகனை நாடு கடத்துவதுதான் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது விதி. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம் வக்கீல் வைத்து வாதாடும் விஷயமாகிவிடும். 25 அடி வேக வித்தியாசத்துக்காக அந்த நிலைக்கு யாரும் போகக் கூடாது.

மூன்றாம் படி: வாங்குவது

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். துப்பாக்கிக்கும் அதுதான், பெல்லட்டுக்கும் அதுதான். தண்டனை பெற்றவர்களுக்குத் தனி விதி உண்டு. 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் ஆயுள் முழுக்க ஏர் கன்னைக்கூடத் தொடக் கூடாது. 3 மாதத்திலிருந்து 3 ஆண்டுக்குள் என்றால் வெளியே வந்ததிலிருந்து 5 ஆண்டு. 3 மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாலும் 5 ஆண்டுத் தடை உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை.

கடை என்றால் போலீஸில் பதிவு பெற்ற ஆயுத வணிகராக இருக்க வேண்டும். 2007 முதல் வணிகமாக விற்கும்போது நேருக்கு நேர் கொடுத்துத்தான் விற்க வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் செய்யலாம், பணம் கட்டலாம், ஆனால் கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பதிவு பெற்ற வணிகருக்கு அனுப்புவார்கள், நீங்கள் அடையாளத்தோடு போய் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் விற்பவரின் ஆளே நேரில் கொண்டுவந்து கொடுப்பார். "வீட்டுக்கே பார்சல்ல அனுப்பிடுறோம்" என்று ஒரு கடை சொன்னால் அந்தக் கடையே சரியில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவில் ஏர் ரைஃபிள் இருந்தால் பெட்டியில் போட்டு எடுத்துவரலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். விமான நிறுவனத்தின் அனுமதி, சுங்கம், அங்கே ஏற்றுமதி, இங்கே இறக்குமதி என்று நான்கு வாசல் தாண்ட வேண்டும். அதுபோக இந்தியாவில் லைசன்ஸ் வேண்டாத வரம்பு 20 ஜூல் வரை போகிறது, இங்கே 16.27தான். அங்கே சரியாக இருந்தது இங்கே இறங்கியதும் குற்றமாகலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில்தான் நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். இங்கிலாந்தில் தனிநபர் தனிநபருக்கு விற்பது சட்டப்படி சரிதான். அப்படி ஒருவரிடம் ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். நல்ல மனிதர், டீ கொடுத்தார், பெட்டியும் கூடவே கொடுத்தார். அடுத்த ஞாயிறு கிளப்பில், தகரக் கூரை போட்ட ஷெட்டில், குழல் முனையில் கிரோனோவை, அதாவது பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவியை, மாட்டி ஐந்து முறை சுட்டேன். முதல் எண் 798. அப்பாடா என்றிருந்தது. அடுத்தது 806. அப்புறம் 811, 809, 813. பக்கத்தில் நின்ற கிளப் செயலாளர் பெல்லட் டப்பாவை எடுத்து எடையைப் பார்த்தார், 8.44. ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து ரைஃபிளை வாங்கி, குழல் காலியா என்று பார்த்து, உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "இனிமே இதைச் சுடாதே" என்றார், அவ்வளவுதான். 813ல் 12.39 வருகிறது என்று மனதில் கணக்குப் போட்டபோது உள்ளங்கை ஈரமாகிவிட்டது. மூன்று நாள் அதை என் அலமாரியில் வைத்திருந்தேன், என் பெண் அந்த அறையில்தான் படிப்பாள்.

கிளப் செயலாளரே பதிவு பெற்ற ஒரு வணிகரைப் போனில் கூப்பிட்டார். அவர் அன்று மாலையே வந்து எடுத்துப் போனார், அவரிடம் அப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருக்க அதிகாரம் உண்டு. பிரித்துப் பார்த்ததில் முன்பு வைத்திருந்த யாரோ கடினமான ஸ்பிரிங் மாற்றியிருந்தது தெரிந்தது. எனக்கு விற்றவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பழைய அளவு ஸ்பிரிங் போட்டு, 776 அடி, 11.3 அடி-பவுண்டு என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை இன்றும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அதனால் செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரே அறிவுரைதான். பணம் கொடுப்பதற்கு முன் கிரோனோவில் சுட்டுப் பாருங்கள். விற்பவரைக் கிளப்புக்கோ கடைக்கோ வரச் சொல்லுங்கள். வர மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு துப்பாக்கி கிடைக்கும்.

நான்காம் படி: வாங்கிய பிறகும் அளப்பது

புதிதாக வாங்கியது சரியாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியே இருக்காது. ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் அதிகமாக விட்டால், அழுத்தத்தில் சூடான காற்றில் அந்த எண்ணெய் எரியும். குழலிலிருந்து புகை, கருகிய வாசனை, வழக்கத்தைவிட உரத்த சத்தம் வந்தால் அதுதான். அந்த நேரத்தில் ஆற்றல் எகிறும். புதுத் துப்பாக்கியில் முதல் சில பத்து ஷாட்டுகள் இப்படி இருக்கலாம், பிறகு அடங்கும். குளிர், வெயில் என்று காலநிலையும் எண்ணை மேலும் கீழும் ஆட்டும். பிசிபியில் காற்று நிரப்பிய உடனே ஒரு வேகம், பாதி காலியானதும் இன்னொரு வேகம் இருக்கும், பல துப்பாக்கிகளில் நடுவில்தான் உச்சம். அதனால் நிரப்பியதும் ஐந்து ஷாட் சுட்டுவிட்டு, சரி என்று எழுதி வைப்பது போதாது, முழு நிரப்பலையும் அளக்க வேண்டும்.

என் வழக்கம் இது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பெல்லட் வகை மாற்றும் போதெல்லாம், ஸ்பிரிங்கோ சீலோ மாற்றினால் உடனே, பத்து ஷாட் சுட்டு அதிகபட்ச எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வேன். சராசரியை எழுதாதீர்கள், உச்சம்தான் முக்கியம். அந்த உச்சம் 11.5ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நிம்மதி. மீதி அரை அடி-பவுண்டை விட்டுக்கொடுப்பதால் இலக்கில் ஒரு குறையும் தெரியாது.

திருகைத் திருப்பிப் பவர் கூட்டுவது, உள்ளே இருக்கும் தடுப்பைக் கழற்றுவது, இதையெல்லாம் வீட்டில் செய்யாதீர்கள். அதிகப் பவர் இருந்தால்தான் நன்றாகச் சுட முடியும் என்ற எண்ணம் முதல் வருடத்தில் எல்லோருக்கும் வரும். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை ரைஃபிள்கள் சுமார் 7.5 ஜூல் ஆற்றலில் ஓடுபவை, இங்கே சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. அதை வைத்துத்தான் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறார்கள். வயல்வெளி இலக்குப் போட்டிகளில் 45 கஜத்தில் சின்னத் துளையை அடிக்கிறவர்களும் 12க்குள்தான் சுடுகிறார்கள்.

ஐந்தாம் படி: வீட்டில்

18 வயதுக்குக் கீழே யாரும் உங்களுக்குத் தெரியாமல் துப்பாக்கியை எடுக்க முடியாதபடி நியாயமான ஏற்பாடு செய்யாமல் இருப்பது 2011 பிப்ரவரி முதல் இங்கே தனிக் குற்றம். அலமாரியின் மேல் தட்டு, கட்டிலுக்கு அடியில், இவையெல்லாம் ஏற்பாடு ஆகாது. பூட்டும் பெட்டி வாங்குங்கள், சாவியை உங்கள் சாவிக் கொத்தில் வையுங்கள், பெல்லட்டை வேறு இடத்தில் பூட்டுங்கள். எங்கள் வீடுகளில் சனிக்கிழமை பிறந்தநாள் விழா என்றால் இருபது பிள்ளைகள் மாடிக்கும் கீழுக்கும் ஓடுவார்கள், அந்த நாளை நினைத்துப் பூட்டுங்கள்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பினால், 21 வயது நிரம்பிய ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு சில விதிவிலக்குகளும் சட்டத்தில் உண்டு, ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் தவறு வராது. கிளப்பில் ஆரம்பிப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

சொந்தத் தோட்டத்தில் சுடலாம். ஒரே நிபந்தனை, பெல்லட் வேலியைத் தாண்டக் கூடாது. ஒன்றே ஒன்று தாண்டினாலும் குற்றம், யாருக்கும் படாவிட்டாலும் குற்றம். இலக்குக்குப் பின்னால் மரப்பலகை போதாது, பலகையிலிருந்து தெறித்து வரும். நான் ஒரு மரப்பெட்டிக்குள் பழைய கம்பளத் துண்டுகளை அடுக்கி, அதற்குப் பின்னால் நடைபாதைக் கல் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். பெல்லட் கம்பளத்திலேயே நின்றுவிடும், மாதம் ஒருமுறை எடுத்துக் கொட்டினால் கைநிறைய ஈயம் இருக்கும். கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

அப்புறம், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் ஒருவர் ரைஃபிளோடு நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஏர் ரைஃபிள் என்று தெரியாது. 999ஐ அழுத்துவார், ஆயுதம் ஏந்திய போலீஸ்தான் வரும். வந்துவிட்டால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சொல்வதை அப்படியே செய்யுங்கள், விளக்கம் எல்லாம் பிறகு. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் ஏதாவது தடை இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆறாம் படி: வெளியே கொண்டுபோவது

பொது இடத்தில் ஏர் ஆயுதத்தைத் தக்க காரணம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், குண்டு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். கிளப்புக்குப் போவதும் வருவதும் தக்க காரணம். போகிற வழியில் நண்பர் வீட்டு வாசலில் உறையைத் திறந்து காட்டுவது தக்க காரணம் இல்லை. குழல் காலி, உறை மூடியிருக்க வேண்டும், காரின் பின்பகுதியில், நேராகப் போய் நேராக வாருங்கள். சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, போகிறவர் வருகிறவருக்குக் காயமோ இடைஞ்சலோ ஆபத்தோ ஏற்பட்டால் அதற்குத் தனி வழக்கு.

பொது நடைபாதை ஓடும் வயல், ஆற்றங்கரை, பூங்கா, காடு எதுவாக இருந்தாலும், நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு நுழைந்தால் அது ஆயுதத்தோடு அத்துமீறல். அனுமதியை எழுத்தில் வாங்கி, அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அனுமதி, போலீஸ் வந்து கேட்கும்போது நிலத்துக்காரர் போனை எடுக்காவிட்டால் உதவாது.

எதைச் சுடலாம் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். எலி, முயல், சாம்பல் அணில் இவை வழக்கமாக அனுமதி உள்ளவை. பறவை எதுவானாலும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாப்பில் இருப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்புறா போன்ற சிலவற்றுக்குப் பொது உரிமம் இருக்கிறது, அதில் சொன்ன காரணத்துக்கு மட்டும், சொன்ன நிபந்தனைப்படி மட்டும். நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், போகும் முன் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுப் போங்கள். தோட்டத்துக் கீரையைக் கெடுக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பூனை மீது குறி வைத்தால் நீதிமன்றம்தான். ஒரே அடியில் சாகாத தூரத்தில் எந்த உயிரையும் சுடாதீர்கள். காயத்தோடு புதருக்குள் ஓடிய முயலை ஒருமுறை தேடிப் பார்த்தவர் அந்தத் தவறை மறுபடி செய்யமாட்டார்.

ஏழாம் படி: நிஜமாகவே 12க்கு மேல் வேண்டுமென்றால்

வழி இருக்கிறது, நேரான வழி. உங்கள் பகுதி போலீஸிடம் துப்பாக்கிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எனக்குப் பிடித்திருக்கிறது என்பது காரணமாகாது. இன்ன பண்ணையில் முயல், எலிக் கட்டுப்பாட்டுக்கு அனுமதி இருக்கிறது, இன்ன தூரத்துக்கு இன்ன பவர் தேவை என்று நல்ல காரணம் காட்ட வேண்டும். பண்ணைக்காரரின் கடிதம் இருந்தால் பலம். உங்களை நன்கு அறிந்த இருவரின் பரிந்துரை, உங்கள் குடும்ப மருத்துவரிடமிருந்து உடல்நலம், மனநலம் பற்றிய தகவல், வீட்டுக்கு வரும் அதிகாரியின் விசாரணை, சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டி, இத்தனையும் உண்டு. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டது வெளியே தெரிந்தால் மறுத்துவிடுவார்களோ என்று மறைக்காதீர்கள். மருத்துவரிடமிருந்து தகவல் எப்படியும் போகும், மறைத்ததுதான் பிரச்சினையாகும்.

2025 பிப்ரவரியிலிருந்து புதிய சான்றிதழுக்குக் கட்டணம் 198 பவுண்டு, புதுப்பிக்க 131. ஐந்து ஆண்டு செல்லும். மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், அதனால் விண்ணப்பத்துக்கு முன் துப்பாக்கிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். சான்றிதழ் வந்த பிறகு, அதில் எழுதிய வகை எதுவோ அதை மட்டும் வாங்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு கிளப்பைத் தேடிப் போங்கள். தேசியச் சிறுகுழல் ரைஃபிள் சங்கமும் பிரிட்டிஷ் ஃபீல்டு டார்கெட் சங்கமும் தங்கள் கிளப்புகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. பல கிளப்புகளில் முதல் நாள் அவர்களுடைய துப்பாக்கியையே கொடுப்பார்கள், நீங்கள் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கிரோனோவும் அங்கேயே இருக்கும்.

வீடு மாறும்போது

கடைசியாக, கிளாஸ்கோ தம்பி கேட்ட இன்னொரு கேள்வி. "நான் பர்மிங்காம்ல இருக்கிற மாமா வீட்ல வாங்கி வச்சிட்டு, லீவுக்கு வர்றப்ப கொண்டு வரலாமா?" மாமா வீட்டில் மாமா பெயரில் மாமா பூட்டி வைத்திருக்கலாம், நீ அங்கே போகும்போது அவரோடு சுடலாம் என்றேன். எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டுமென்றால் ஸ்காட்லாந்து போலீஸின் சான்றிதழ் முதலில் கையில் இருக்க வேண்டும். அங்கே குடியிருக்காமல், போட்டிக்கோ விடுமுறைக்கோ போகிறவர்களுக்கு வருகையாளர் அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் கிளம்புவதற்குப் போதிய நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர்கள், சாமான் லாரியில் ஏற்றும் நாளில் துப்பாக்கியை ஏற்றாதீர்கள். சான்றிதழ் வரும் வரை இங்கிலாந்தில் பதிவு பெற்ற வணிகரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாத வாடகை கொஞ்சம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

தம்பி இப்போது அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான்.